தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்த மிஷினை முதல் மிஷினாக வாங்கலாமா?

தங்கச்சி, நீங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதத் தையல் வகுப்பு முடித்தாகிவிட்டது, வீட்டிலிருந்தே பிளவுஸ், சுடிதார், பிள்ளைகளுக்கு பிராக் தைத்துக் கொடுக்கணும், எம்பிராய்டரியும் போடணும், ரெண்டும் ஒரே மிஷினில் வருவதாக வாங்கினால் செலவு மிச்சம்தானே என்கிறீர்கள்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். முதலில் நல்ல தையல் மிஷின் ஒன்று. எம்பிராய்டரிக்குத் தனி மிஷின், அதுவும் கையில் நாலு காசு புரள ஆரம்பித்த பிறகு. நானும் பாளையங்கோட்டையில் வீட்டில் வைத்துத்தான் தைக்கிறேன், ரெண்டு மிஷினும் இருக்கிறது, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

கடையில் போய் எம்பிராய்டரி மிஷின் காட்டுங்கள் என்றால் சம்பந்தமே இல்லாத ரெண்டு சாமானைக் காட்டுவார்கள். ஒன்று, திருகு வைத்த வெள்ளை மிஷின். அதைத் திருப்பினால் ஜிக்ஜாக், சின்னச் சின்ன இலை, அலை, வைரக்கட்டம் என்று வரும். ஆனால் அதெல்லாம் ஐந்து மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் ஏழு மில்லிமீட்டர் அகலத்தில் வரிசையாக ஓடுகிற அலங்காரத் தையல். பாவாடை ஓரத்துக்கும் தலையணை உறைக்கும் நன்றாகவே இருக்கும், அதில் மயில் வராது, பெயர் எழுத முடியாது. இன்னொன்று கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின். துணியை ஃபிரேமில் மாட்டிவிட்டால் அந்த ஃபிரேமே நாலு பக்கமும் நகர்ந்து டிசைனைப் போட்டு முடிக்கும். நீங்கள் மனதில் வைத்திருப்பது இரண்டாவது. ‘21 எம்பிராய்டரி டிசைன் இருக்கு’ என்று சொல்லி முதலாவதைக் கையில் கொடுத்து அனுப்பிய கடையை எனக்கே தெரியும். ஃபிரேம் கூட வருகிறதா, அது தானாக நகருமா என்று இந்த ரெண்டைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

சரி, ரெண்டும் சேர்ந்த மிஷின் ஏன் முதல் மிஷினாக வேண்டாம்? அது எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் தைக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். 20,000 தையல் உள்ள ஒரு டிசைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 400 தையல் போடுகிற மிஷினில் ஓடுகிற நேரம் மட்டும் 50 நிமிடம். வீட்டு மிஷினில் ஊசி ஒன்றுதான், அதனால் கலர் மாறும்போதெல்லாம் நின்று கூப்பிடும், நீங்கள் எழுந்து போய் நூல் மாற்றிக் கோர்க்கணும். நடுவில் பாபினில் சுற்றிய அடி நூல் தீரும். ஒரு பிளவுஸுக்கு ரெண்டு கை, ஒரு முதுகு என்றால் காலையில் ஆரம்பித்தது மதியச் சோற்றைத் தாண்டும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மதினி சுடிதார் பிடித்துத் தரச் சொல்லி வந்தால் என்ன செய்வீர்கள்? கோயில் கொடைத் திருவிழா வருவதற்கு முந்தின ரெண்டு வாரம் நம்ம பக்கத்தில் தையல்காரிக்கு மூச்சுவிட நேரம் கிடையாது, அப்போது மிஷின் எம்பிராய்டரியில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. தனித்தனியாக இருந்தால் அது ஒரு மூலையில் ஓடட்டும், நீங்கள் இதில் லைனிங் வைத்துத் தைத்துக்கொண்டே இருக்கலாம்.

எம்பிராய்டரி மிஷின் வாங்கும் காலம் வரும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஃபிரேம் அளவு. உள்ளேயே எத்தனை டிசைன் இருக்கிறது என்பதைப் பெரிதாகச் சொல்வார்கள், அதில் மயங்க வேண்டாம், பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். விலை குறைந்த மிஷின்களில் ஃபிரேம் 10க்கு 10 சென்டிமீட்டர், அதாவது நாலு இஞ்ச் சதுரம். பிராக்கில் பூ, கர்ச்சீப்பில் எழுத்து, பள்ளிக்கூட பேட்ஜ், இதற்கெல்லாம் அது தாராளம். பிளவுஸுக்கு வரும்போதுதான் இடிக்கும். கைச் சுற்றளவு 12 இஞ்ச் என்றால் பார்டர் போட அந்த ஃபிரேமில் மூன்று முறை துணியை மாட்டணும், ஒவ்வொரு முறையும் முந்தின டிசைன் விட்ட இடத்தில் துல்லியமாகச் சேரணும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். குறைந்தது 13க்கு 18 சென்டிமீட்டர் இருந்தால்தான் முதுகு டிசைன் பற்றியே யோசிக்கலாம். உஷா ஜனோம் மெமரி கிராஃப்ட் 450ஈ எம்பிராய்டரிக்கு மட்டுமான மிஷின், அதில் 20க்கு 28 சென்டிமீட்டர் வரை போகும். விலையும் அதற்கேற்ப ஏறத்தான் செய்யும். ஆனால் பிளவுஸ்தான் உங்கள் தொழில் என்றால் சின்ன ஃபிரேமில் காசைப் போட்டுவிட்டு அப்புறம் பெரியதற்கு ஏங்குவதை விடப் பொறுத்திருந்து வாங்குவது நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லணும். இப்போது கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்பது ஆரி வேலை. மணி, ஜர்தோசி, கல் எல்லாம் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி கொக்கி ஊசியால் கையில் போடுவது. நீங்கள் வாங்கப்போகிற எந்த வீட்டு எம்பிராய்டரி மிஷினும் அதைப் போடாது. அது நூலால் நிரப்புகிற வேலை மட்டும்தான் செய்யும். இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கை வேலை புதிதும் இல்லை. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்தது. கையில் போட்டதா, மிஷினில் போட்டதா என்று தொட்டுப் பார்த்தே சொல்கிறவர்கள் இங்கே உண்டு. ஆரி ஆர்டர் பிடிக்கத்தான் மிஷின் என்றால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல சட்டமும் ஊசிகளும் வாங்கி ஆரி வகுப்புக்குப் போய்விடலாம், மிச்சமும் இருக்கும். மிஷினுக்கு நம்ம ஊரில் வேறு ஆர்டர் இருக்கிறது. கிறிஸ்தவப் பிள்ளைகள் முதன்முதலில் நற்கருணை வாங்குகிற புது நன்மைக்குப் போடுகிற வெள்ளை பிராக், கோயில் பீடத்து விரிப்பு, மேலப்பாளையம் பக்கம் புர்காவில் கை ஓர டிசைன், யூனிஃபார்ம் பேட்ஜ்.

பெயர் போட்டுத் தரச் சொல்லியும் நிறைய பேர் வருவார்கள். மிஷினுக்குள் ஆங்கில எழுத்து இருக்கும், தமிழ் எழுத்து இருக்காது. குழந்தை பெயரைத் தமிழில் கேட்டால் அந்த எழுத்தை டிசைனாக மாற்றணும், தொழிலில் இதைப் பஞ்சிங் என்பார்கள். வெளியே கொடுத்தும் வாங்கலாம், நீங்களே கம்ப்யூட்டரில் செய்வதென்றால் இங்க்ஸ்கேப்பும் அதோடு சேர்கிற இங்க்ஸ்டிட்ச்சும் இருக்கின்றன, ரெண்டும் இலவசம். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், பழகிவிட்டால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் ஞ, ண மாதிரி எழுத்துகளின் சுழி நூலிலேயே அடைந்துபோகும், அதனால் எழுத்தைப் பெரிதாகவே வையுங்கள். மிஷினில் பென் டிரைவ் போட இடம் இருக்கிறதா, எந்த வகை ஃபைலைப் படிக்கும் என்று வாங்கும்போதே கேளுங்கள். பிரதர் பி.இ.எஸ். ஃபைலைப் படிக்கும், ஜனோம் ஜே.இ.எஃப். படிக்கும், பெரிய கடை மிஷின்களில் டி.எஸ்.டி. ஓடும்.

இப்போது நீங்கள் உடனே வாங்க வேண்டியதற்கு வருவோம். பிளவுஸும் சுடிதாரும்தான் அதிகம் என்றால் கறுப்புத் தலை டெய்லர் மிஷின், ஸ்டாண்டோடு, மோட்டார் வைத்து. நேர்த்தையல் மட்டும்தான் வரும், ஆனால் தடித்த துணிக்கு அசராது, பாபின் கேஸ் தேய்ந்தாலும் ஷட்டில் மாற்றணும் என்றாலும் சின்ன ஊரிலேயே சாமான் கிடைக்கும், கரண்ட் இல்லாவிட்டால் வாரை மாட்டிக் காலால் மிதிக்கலாம். பிள்ளைகள் உடுப்பு, பனியன் துணி, சேலை ஓரம், காஜா என்று கலந்து வருமென்றால் வெள்ளை ஜிக்ஜாக் மிஷின் உதவும், அதில் உள் சட்டம் உலோகமா என்று பாருங்கள். நாள் முழுக்கத் தைக்கிற அளவுக்கு ஆர்டர் ஏற்கெனவே கையில் இருந்தால் ஜுக்கி மாதிரி பவர் மிஷின், சர்வோ மோட்டாரோடு. அதன் வேகம் ஆரம்பத்தில் பயமுறுத்தும், கை பழகிவிடும். உங்கள் நிலைமைக்கு நான் கறுப்புத் தலையைத்தான் சொல்வேன். அதிலேயே துணியை இழுக்கிற அடிப் பல்லை இறக்கிவிட்டு, வட்டச் சட்டத்தில் துணியை மாட்டி, கையால் நகர்த்தி எம்பிராய்டரி போடலாம் என்பதை உங்கள் வகுப்பிலேயே காட்டியிருப்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள், நூல் இறுக்கம் என்றால் என்ன என்று கைக்குப் புரிவது அதில்தான்.

கடைக்குப் போகும்போது துணி எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் வைத்திருக்கிற கெட்டியான காட்டன் துண்டில் எந்த மிஷினும் முத்து முத்தாகத் தைக்கும். நீங்கள் கொண்டுபோவது லைனிங் வைத்த பட்டுத் துண்டாக, ஜரிகை பார்டரை நாலாக மடித்ததாக, பைப்பிங் கயிறு வைத்ததாக இருக்கட்டும், கூடவே வழுக்குகிற ஜார்ஜெட் ஒரு துண்டு. மடிப்பு ஏறுகிற இடத்தில் ஊசி திணறுகிறதா, ஜார்ஜெட்டைப் பல் உள்ளே இழுக்கிறதா என்று பாருங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள், அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கக் கூடாது. நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள், அண்ணாச்சி கோவித்துக்கொள்ள மாட்டார். கோவித்தால் வேறு கடை இருக்கிறது.

சர்வீஸ் ஆளை முதலில் தேடுங்கள், மிஷினை அப்புறம் தேடலாம். எங்கள் சொந்தத்தில் ஒரு மதினி ஆன்லைனில் விலை குறைகிறது என்று கம்ப்யூட்டர் மிஷின் ஒன்றை வாங்கினார்கள். தசரா சமயத்தில் ஊசி தட்டில் இடித்து நின்றுபோனது, கம்பெனிக்கு போன் போட்டால் ஆள் மதுரையிலிருந்துதான் வரணும், வரிசையில் வருவார் என்றார்கள். வந்து சேர்வதற்குள் கையிலிருந்த ஆர்டர் எல்லாம் வேறு கைக்குப் போய்விட்டது. நான்கு ஐந்தாயிரம் கூடப் போனாலும், அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ திருநெல்வேலியிலோ அந்த மாடலைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். கல்ஃபிலிருந்து அண்ணன் கொண்டுவருகிறேன் என்றாலும் இதே கேள்விதான். அங்கே உள்ள மின்சாரம் நம்ம வீட்டுக்கும் ஒத்துவரும், வாரண்டி இங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தால் அது 110-120 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம்ம பிளக்கில் சொருகினால் போச்சு.

கம்ப்யூட்டர் மிஷின் வாங்கும்போது வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், ஓட்டு வீடுகளில் பல இடத்தில் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கணும். சாரல் காலத்தில் உங்கள் பக்கத்து ஈரத்தில் ஊசியும் ஷட்டிலும் துருப்பிடிக்கும், ராத்திரி துணி போட்டு மூடி வையுங்கள்.

பணம் முழுக்கக் கையில் இல்லை, வருமானமும் குறைவு என்றால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் போன்றவர்களுக்குத் தையல் மிஷின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள், உங்கள் வகுப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கையில் இருப்பதை எல்லாம் மிஷினிலேயே போட்டுவிடாமல் கொஞ்சம் ஒதுக்குங்கள். நல்ல கத்திரி, 11, 14, 16 நம்பர் ஊசிகள், கூடுதலாகப் பாபின்கள். வீட்டு மிஷின் ஊசிக்கு மேல் முனை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், ஜுக்கி ஊசி முழுக்க உருண்டை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பின்னால் எம்பிராய்டரிக்கு வரும்போது பாலியஸ்டர் நூலை எடுங்கள், ரேயான் பளபளக்கும்தான், ஆனால் யூனிஃபார்மைச் சவுக்காரத்திலும் பிளீச்சிலும் போட்டு அலசுகிற வீட்டில் அது தாங்காது. துணிக்கு அடியில் எம்பிராய்டரி பேப்பர் (ஸ்டெபிலைசர்) வைக்காமல் போடவே கூடாது, இல்லாவிட்டால் துணி சுருங்கி டிசைன் குமிழ் விடும். பட்டில் போடும்போது ஃபிரேம் தடம் விழுந்தால் போகாது, பேப்பரை மட்டும் ஃபிரேமில் மாட்டி அதன்மேல் துணியை ஒட்டிப் போடணும். அளவுக்கு வெட்டிவிட்டு எம்பிராய்டரி போடாதீர்கள். சாக்பீஸில் குறித்து, டிசைனைப் போட்டு முடித்து, அதற்கு அப்புறம் வெட்டுங்கள்.