மானியமே தராத சர்டிபிகேட்டை வச்சு என்ன பண்றது?

கேள்வி: கோவில்பட்டி பக்கத்துல ஒரு கிராமத்துல ஆறு பொம்பளைங்க சேர்ந்து கடலை மிட்டாய் போடுறோம். லோன், மானியம் எதுவும் வேணாம். உத்யம் (மத்திய அரசோட குறு, சிறு தொழில் பதிவு) எடுங்க, புவிசார் குறியீட்டுல (ஊர் பேரோட விக்கிற சரக்குக்கு குடுக்குற சட்டப் பாதுகாப்பு) சேருங்கன்னு சொல்றாங்க. காசே தராத பேப்பரால என்ன பிரயோஜனம்?

பதில்: நியாயமான கேள்வி. உத்யம் உங்க கையில ஒரு ரூபா கூட குடுக்காது, ஆனா அடுத்தவன் அமுக்கி வச்சிருக்குற உங்க காசை கேக்குறதுக்கு ஒரு பிடி கிடைக்கும். எப்படின்னா, 2006 குறு, சிறு, நடுத்தர தொழில் சட்டப்படி குறு, சிறு தொழில்கிட்ட சரக்கு வாங்குனவங்க எழுதி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள காசு குடுத்தாகணும், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்தான், தாண்டுனா ரிசர்வ் பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. மெட்ராஸ் கடைக்காரர் ஆறு மாசமா "அடுத்த வாரம்"னு இழுத்தா இதைச் சொல்லிக் கேக்கலாம். ஆனா சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே பதிஞ்சிடுங்க, பின்னாடி பதிஞ்சிட்டு பழைய பில்லுக்கு கேட்டா வம்பு வரும். ஆதாரும் பான் கார்டும் வேணும், ஃபீஸ் கிடையாது, இதுக்குப் போய் ஆயிரம் ரெண்டாயிரம் கேக்குற ஏஜென்ட்டுங்க இருக்காங்க, குடுக்காதீங்க.

புவிசார் குறியீடு வேற கதை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020லயே கிடைச்சாச்சு, ஆனா அது உற்பத்தியாளர் சங்கத்து பேர்ல இருக்கு. ஊர்க்காரங்கன்றதால மட்டும் அது உங்களுக்கு வந்துடாது, "அங்கீகரிக்கப்பட்ட பயனாளி"ன்னு கிண்டியில இருக்குற பதிவகத்துல உங்க பேரும் ஏறணும். முன்னாடி இதுக்கு 500 ரூபா ஃபீஸ், 2020ல விதியை மாத்தி 10 ரூபா ஆக்கிட்டாங்க. முதல்ல சங்கத்துல போய் உங்க கிராமம் அந்த எல்லைக்குள்ள வருதா, உங்க கடலை, வெல்லம், பாகு பக்குவம் எல்லாம் பதிஞ்ச முறைக்கு ஒத்துப்போகுதான்னு கேட்டுக்கோங்க. வேற ஊர்ல எவனாச்சும் போலியா அந்தப் பேர போட்டு வித்தா குறைஞ்சது ஆறு மாசம், அதிகபட்சம் மூணு வருஷம் ஜெயில், 50,000 ரூபாய்லருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு சட்டத்துல இருக்கு. இதை பேங்க்ல அடமானம் வைக்கவோ யாருக்கும் விக்கவோ முடியாது, அதனால யாராச்சும் "எங்க பேர்ல மாத்தி எழுதிக் குடுங்க, நாங்க பாத்துக்குறோம்"னு வந்தா விட்டுடுங்க.

என்னைக் கேட்டா இந்த வாரமே உத்யம், அப்புறம் மெதுவா குறியீடு. பதிவகத்துல பேர் ஏறுற வரைக்கும் குறியீட்டு லோகோ போட்டு கவர் மொத்தமா அடிக்கக் குடுத்துடாதீங்க.