கவனம் இல்லையா, காவல் காக்கிறானா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. பாடத்தைக் கவனிப்பதில்லை, எழுதுவதைப் பாதியில் விடுகிறான், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறான். வீட்டிலும் அப்படித்தான். ‘ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறாக இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள்’ என்கிறார் டீச்சர். 7 மாதத்துக்கு முன் அவன் கண்ணெதிரே அவனுடைய அப்பாவுக்கு பைக் விபத்து நடந்தது. இப்போது அவர் நன்றாக இருக்கிறார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது விபத்தைப் பற்றி நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ‘அதுதான் சரியாகிவிட்டதே’ என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அவசரத்தில் டாக்டர்களாகிய நாங்களும் கேட்காமல் விட்டால் போச்சு.

ஏ.டி.ஹெச்.டி. சின்ன வயதிலிருந்தே கூட வருவது, ஒரு சம்பவத்தால் திடீரென்று முளைப்பதில்லை. அறிகுறிகள் 12 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும், 6 மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் மகன் இதில் அப்படியே பொருந்திவிடுவான். சிக்கலே அதுதான். அதனால் யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு நோட்டுகளைத் தேடி எடுங்கள். அப்போதே பாதி வரியில் நின்ற எழுத்தும், ‘இடத்தில் உட்காருவதில்லை’ என்ற சிவப்பு மைக் குறிப்பும் இருக்கின்றனவா? அல்லது ஒழுங்காக இருந்த கையெழுத்து விபத்துக்குப் பிறகுதான் கலைகிறதா? பத்து நிமிடம் என்னிடம் பேசுவதைவிட அந்த நோட்டுகள் அதிகம் சொல்லும்.

அப்புறம், அவன் கவனம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைக்கு ஜன்னலில் காக்கா, பக்கத்துப் பையனின் ரப்பர் என்று எதுவும் போதும். பயந்த பிள்ளையின் கவனம் ஒரே இடத்தில் காவல் காக்கிறது: ஆம்புலன்ஸ் சத்தம், அப்பா வர வேண்டிய நேரம். கெட்ட கனவு, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி வருவது, பைக்கில் ஏற மறுப்பது, பொம்மை வண்டியைச் சிரிப்பே இல்லாமல் திரும்பத் திரும்ப மோதவிடுவது ஆகியவை இருந்தால் என் சந்தேகம் விபத்தின் பக்கம்தான் போகும். நீங்கள் எழுதிய அந்தத் திடுக்கிடலும் ஏ.டி.ஹெச்.டி.யின் அறிகுறிப் பட்டியலில் கிடையாது.

இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஆனால் வைத்தியம் வேறு. ஏ.டி.ஹெச்.டி.க்குத் தரும் மீதைல்ஃபெனிடேட் என்ற மருந்து பயத்தைப் போக்காது. தூக்கத்தையும் பசியையும் குறைக்கவும் கூடும். பயத்துக்குப் பெற்றோரையும் உட்கார வைத்துச் செய்யும் பேச்சு சிகிச்சை இருக்கிறது. ‘மறந்துடு கண்ணா’ என்பது சிகிச்சை ஆகாது. கண், காது பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். குறட்டை விட்டால் அதையும் சொல்லுங்கள். தூக்கம் கெட்டாலும் பிள்ளை இப்படித்தான் இருக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்.

அதுவரை டீச்சரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். வகுப்புக் கதவு அவன் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வைக்கட்டும். பின்னாலிருந்து தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டாம்.