காற்றடிக்கும் பாலைவனத்தில் காற்றுச் சோபா நிற்குமா? கவுதாரிமுனையில் ஒரு செற்றி பறந்த கதை

கேள்வி இதுதான்: "டிசம்பரில் ஆறு பேர் பாலைவனத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். நல்ல காற்று அடிக்கும் இடம் என்கிறார்கள். காற்றடைக்கும் சோபா, மெத்தை எல்லாம் கொண்டுபோகலாமா, இல்லை வீண் செலவா?"

மெத்தையைக் கொண்டுபோங்கள், கூடாரத்துக்குள் போடுங்கள். சோபாவுக்குக் காசு கொடுக்க முன்னம் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் காற்றுச் சோபா (நாங்கள் செற்றி என்போம்) ஒன்று பரவைக்கடலுக்குள், அதாவது கரையோரத்து ஆழமில்லாக் கடலுக்குள், போன கதையைச் சொல்கிறேன்.

நான் இலங்கையின் வடக்கே பூநகரிக்காரன். கட்டாரில் ஏழு வருடம் லொறி ஓட்டினேன். குளிர்காலத்தில் லீவு நாள் வந்தால் அங்கே ஆட்கள் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தெற்கே சீலைன் பக்கத்து மணலுக்குப் போய்விடுவார்கள். நாங்களும் ஐந்தாறு தமிழ்ப் பொடியன்கள் ஒரு பிக்கப்பில் போவோம். அங்கத்தைய வடமேல் காற்றுக்கு ஷமால் என்று பெயர். அரபியில் வடக்கு என்று அர்த்தம். கோடை தொடங்கும்போதுதான் அதன் முழுக் குணமும் தெரியும். ஆனாலும் குளிர்காலத்திலும் இடைக்கிடை வந்து இரண்டு மூன்று நாள் நின்று, மணலை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போகும். அங்கே நாங்கள் பாயும் பிளாஸ்ரிக் கதிரையும்தான் கொண்டுபோவோம். மெத்தை ஒன்று மட்டும் இருந்தது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். காற்றுச் சோபாவை நான் முதன்முதலாகத் தொட்டது ஊருக்கு வந்த பிறகுதான்.

ஓர் ஆவணி மாதம் கனடாவிலிருந்து மச்சான் குடும்பம் வந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்து இரண்டு பேர் இருக்கக்கூடிய காற்றுச் செற்றி ஒன்று, ஒற்றைக் கதிரை இரண்டு, மின்சாரப் பம் ஒன்று. "மச்சான், கவுதாரிமுனையில ஒரு இரவு மணலுக்க படுக்கவேணும்" என்றான். அந்த இடம் தெரியாதவர்களுக்கு: பூநகரியிலிருந்து வடமேற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகிற நிலத்துண்டு அது. ஒரு பக்கம் பாக்கு நீரிணை, மறுபக்கம் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல். நடுவே வெள்ளை மணல் மேடுகள். அந்தப் பக்கம் மண்ணித்தலையில் ஒரு பழைய சிவன் கோயில் இடிந்துபோய் நிற்கிறது. பாலைவனம் இல்லைதான், ஆனால் மேட்டில் ஏறி நின்றால் எனக்குக் கட்டார் ஞாபகம் வரும்.

ஆவணி என்றால் சோளகம். எங்கள் ஆட்கள் நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் வைத்திருக்கிறார்கள்: தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். (நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கச்சான் காற்றில் கச்சான் தின்னலாமா என்று மச்சானின் மகன் கேட்டான். தின்னலாம், கோதுதான் கண்ணுக்குள் வந்து விழும்.) இந்தப் பக்கத்துக் காற்றைக் குறைவாக நினைக்கவேண்டாம். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலை நட்டு, 103.5 மெகாவாட் அளவுக்குத் திட்டம் போட்டு, 2020இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள் என்றால் சும்மா இல்லை.

செற்றிக்குக் காற்றடைத்தாயிற்று. மச்சான், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் ஏறி இருந்தார்கள். ஒரு அசைவு இல்லை. "பாத்தியா, கல்லு மாதிரி நிக்குது" என்றான். அப்புறம் அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. நாலு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். அவ்வளவுதான். செற்றி முதலில் ஒரு தரம் குப்புற விழுந்தது, பிறகு உருண்டது, மேட்டின் நுனிக்குப் போனதும் கொஞ்ச நேரம் பறக்கவும் செய்தது. அந்த மணலில் இராவணன் மீசை என்று ஒரு முள்ளுப்புல் வளரும். அதன் காய்ந்த பந்து காற்றில் எப்படித் துள்ளித் துள்ளி ஓடுமோ, அப்படியேதான் ஓடியது.

பொடியன் பின்னால் ஓடப் பார்த்தான். அம்மா அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்துவிட்டா. வன்னியில் வளர்ந்தவர்கள் பழக்கமில்லாத பற்றைக்குள் எதற்குப் பின்னாலும் ஓடமாட்டார்கள். போர்க்காலத்துக் கண்ணிவெடிப் பயம் என்று கனடாப் பிள்ளைக்குப் பிறகு சொல்லவேண்டி வந்தது. பாலைவனத்திலும் நீங்கள் ஓடாதீர்கள். காற்று அடங்கும்வரை அது நிற்காது, நீங்கள் களைத்து நிற்கும்போது கூடாரம் எந்தப் பக்கம் என்று தெரியாது. தண்ணீருக்குள் போனால் இன்னும் மோசம், கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்றில் மிதக்கும் பொருளை நீந்திப் பிடிக்க முடியாது.

நான் கடையில் நின்று சோபா வாங்கினால் இப்போது இதைத்தான் யோசிப்பேன்: ஆட்கள் இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதல்ல, எல்லாரும் எழும்பிய பிறகு என்ன நடக்கும் என்பது. பெட்டியில் போட்டிருக்கும் படத்தில் எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு பேர் இருக்கும் செற்றி மூன்று கிலோ வரும். காற்று மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அடித்தால், நேராக நிற்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறக்குறைய 6 கிலோ பாரம் தள்ளுவது போலத் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு, அதாவது 24 கிலோ. மூன்று கிலோச் சாமான் அதற்கு முன்னால் என்ன செய்யும்? பாய்மரம் மாதிரித்தான். ஆகவே முதுகுச் சாய்வு உயரமாக உள்ளதை விட்டுவிட்டு உயரம் குறைந்ததை வாங்குங்கள், சாய்வைக் காற்றுக்கு எதிரே நிமிர்த்தி வைக்காதீர்கள். ஒடுங்கிய பக்கம்தான் காற்றைப் பார்க்கவேண்டும்.

இனி அதைக் கட்டுவது எப்படி என்று பார்ப்போம். கூடாரத்தோடு வரும் சின்ன முளைகள் காய்ந்த மணலில் வெண்ணெயில் குத்திய குச்சி மாதிரிக் கழன்று வரும். அடுத்த நாள் விடிய அம்மா எங்களுக்குச் செய்து காட்டினா. வெறும் உரப்பை ஒன்றில் முக்கால்வாசி மணல் நிரப்பி, வாயைக் கட்டி, பையின் நடுவில் கயிறு போட்டு, முழங்கால் ஆழத்துக் கிடங்கில் படுக்கையாக வைத்து மூடி மிதித்துவிட்டா. கயிறு மட்டும் சாய்வாக வெளியே வரும். நானும் மச்சானும் சேர்ந்து இழுத்தோம், வரவில்லை. மண்மூட்டை கட்டவும் தறப்பாளைக் காற்றில் இறுக்கவும் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போரில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்த சனம். உரப்பை கிடைக்காத இடத்தில் வெறும் அரிசிப் பை போதும், தண்ணீர் கொஞ்சம் மிஞ்சினால் மூடிய மண்ணில் தெளியுங்கள், ஈரமணல் இன்னும் இறுகும்.

பெரும்பாலான செற்றிகளில் கயிறு கட்ட வளையம் இருக்காது. சும்மா குறுக்கே கயிறு போட்டால் ஒரே இடத்தில் அறுத்து மூட்டை உரித்துவிடும். இதற்கு வழி சொன்னவர் எங்கள் செற்றியைக் கண்டுபிடித்த அண்ணைதான். மறுநாள் காலை ஒன்பது மணிபோல ஒரு வள்ளம் வந்தது. "தம்பி, உங்கட கதிரையோ? என்ர களங்கண்ணிக்க வந்து கிடக்கு. இறால் பட்டிருக்கவேண்டிய இடத்தில இது இருந்தது. வாடகை தருவியளோ?" என்றார். பரவைக்கடலில் தடி நட்டு வலை கட்டி வைத்திருப்பார்களே, அந்தக் களங்கண்ணியில் போய் இரவு முழுதும் நின்றிருக்கிறது. சோளகம் வடக்கே தள்ளியதால் வந்த அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் எங்கே தேடுவது? அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கயித்தால கட்டாதேங்கோ. பழைய வலையை மேல போட்டு, வலையின்ர ஓரத்துக்கு மண்மூட்டை வையுங்கோ." அப்படியே செய்தோம். பாரம் எல்லா இடமும் பிரிந்து விழுகிறது, கயிறு அறுக்கிற கதை இல்லை. மேலே ஒரு பெட்சீற் விரித்து இருந்தால் வலை உறுத்தவும் மாட்டாது. அன்று பின்னேரம் வரை செற்றி அசையவில்லை. உங்களுக்குப் பழைய வலை கிடைக்காவிட்டால் பிக்கப் பெட்டியில் சாமான் மூடும் வலை இருக்கிறதே, அதுவே போதும்.

வாகனத்தின் மறைவில் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் காற்று குறைகிற இடத்தில்தான் அது தூக்கிவந்த மணலைக் கொட்டும். மேடு உண்டாவதும் அப்படித்தானே. பிக்கப்பின் பின்னால் படுத்த ஒருவரை ஒரு ஷமால் நாளில் நாங்கள் தட்டித்தான் எழுப்பினோம், போர்வையெல்லாம் மணல். நேர் பின்னால் ஒட்டிப் படுக்காமல் கொஞ்சம் தள்ளிப் படுங்கள், வால்வின் மூடியை மேலே பார்க்க விடாதீர்கள். இந்தச் சாமான்களுக்கு எமன் முள் இல்லை, வால்வுக்குள் போகிற மணல்தான். ஒரு மணல்துகள் மூடிக்குள் மாட்டினால் இரவு முழுதும் மெல்லமெல்லக் காற்றுப் போய்க்கொண்டிருக்கும். காற்றடைக்க முன்னம் வால்வைத் துணியால் துடையுங்கள், கீழே தறப்பாள் விரியுங்கள்.

மெத்தையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கட்டாரில் முதல் இரவு நன்றாக இறுக்கிக் காற்றடைத்துப் படுத்தோம். விடிய எழும்பினால் சொங்கி. ஓட்டை என்று நினைத்து ஒரு மணித்தியாலம் தேடினோம், இல்லை. காற்று குளிர்ந்தால் சுருங்கும், அவ்வளவுதான். பின்னேரம் 25 பாகையில் அடைத்தது விடியற்காலம் 12 பாகைக்கு வந்தால் உள்ளே அழுத்தம் நாலு சதவீதத்துக்கு மேல் விழும். கேட்கச் சின்னது. ஆனால் நாலு சதவீதம் என்பது வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தத்தில். மெத்தைக்குள் நாங்கள் மேலதிகமாக அடைப்பதே கொஞ்சம்தான், அதிலிருந்து கழிகிறது. மறுபக்கமும் உண்டு. விடிய அதே மெத்தையை இறுக்கிவிட்டு வெயிலில் போட்டுவிட்டுப் போனால் மத்தியானம் மூட்டுப் பிரியும். கறுப்பு, கடுநீல நிறம் என்றால் சீக்கிரமே. ஆகவே படுக்கப்போகும்போது இறுக்குங்கள், காலையில் வால்வைத் திறந்து கொஞ்சம் விட்டுவிடுங்கள். புதுசு என்றால் முதல் இரண்டு தரம் பிளாஸ்ரிக் இழுபட்டும் தளரும், பயப்படத் தேவையில்லை.

இன்னொன்று, காற்று மெத்தை குளிரும். மேலே எத்தனை போர்வை போர்த்தாலும் அடியால் குளிர் ஏறும், ஏனென்றால் உங்கள் சூடு மெத்தை வழியாகக் கீழே மணலுக்குப் போய்விடுகிறது. ஒரு கம்பளியை உங்களுக்கும் மெத்தைக்கும் இடையில் போடுங்கள். மேலே இரண்டைவிடக் கீழே ஒன்று மேல்.

நெருப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றில் கரிப்பொறி பறக்கும், பொறி விழுந்தால் ஓட்டை. அடுப்பு எப்போதும் உங்கள் இருக்கைக்குக் காற்றுப் போகிற பக்கத்தில்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடை சொலூசனை நம்பாதீர்கள். அது ரப்பர் ரியூப்புக்கு, இது பிளாஸ்ரிக். நான் ஒட்டிய ஒட்டு இரண்டாம் நாளே தோல் மாதிரி உரிந்து வந்தது. பெட்டிக்குள் வரும் ஒட்டைத் தொலைக்காமல் வையுங்கள், அல்லது பிளாஸ்ரிக்குக்கு என்றே விற்கும் பசையை வாங்குங்கள். மணலைத் துடைத்து, காற்றை முழுக்க இறக்கி, ஒட்டி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு விடவேண்டும். ஓட்டை எங்கே என்று தெரியாவிட்டால் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி வரும். தண்ணீரை மிச்சம் பிடிக்கவேண்டிய இடத்தில் கன்னத்தை ஈரமாக்கி மெத்தைக்குக் கிட்ட பிடித்துப் பாருங்கள். ஆனால் அதைக் கூடாரத்துக்குள் செய்யவேண்டும், வெளியில் எல்லாத் திசையிலிருந்தும் காற்று வருகிற மாதிரித்தான் இருக்கும்.

வீசிப் பிடித்துக் காற்று நிரப்பும் நைலோன் பை வகை ஒன்று இருக்கிறது, வாயைச் சுருட்டிப் பூட்டுவது. பம் வேண்டாம், காற்றடிக்கும் இடத்தில் கண்மூடித் திறக்குமுன் நிரம்பும். அந்த ஒரு விஷயத்தில் காற்று உங்கள் பக்கம். ஆனால் சில மணித்தியாலத்தில் தொய்ந்துவிடும், படுத்து இரவு கழிக்க உதவாது. பின்னேரம் சாய்ந்திருக்க வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். ஓரத்தில் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, மண்மூட்டையோடு கட்டிவிடுங்கள். எழும்பிப் போகும்போது வாயைத் திறந்துவிட்டால் அது வெறும் துணி, பறந்தாலும் தூரம் போகாது.

ஆறு பேருக்கு என்றால் நான் இப்படிக் கொண்டுபோவேன்: மெத்தை மூன்று, கூடாரத்துக்குள். வெளியில் இருக்க மடக்குக் கதிரை, இல்லாவிட்டால் தடித்த பாய். செற்றி இல்லாமல் போகமாட்டோம் என்று யாராவது நின்றால் ஒன்று, வலையும் உரப்பை நாலும் சேர்த்து. தேத்தண்ணி ஆனதும் எல்லாரும் ஒரேயடியாக எழும்பாமல் ஒருவராவது இருக்கட்டும்.

எங்கள் செற்றியை மச்சான் திருப்பிக் கொண்டுபோகவில்லை. இப்போது விறாந்தையில் கிடக்கிறது. அம்மா அதில் இருக்கமாட்டா, எழும்பும்போது அதுவும் சேர்ந்து எழும்புதாம். இரண்டு ஒட்டுப் போட்டிருந்தேன், மூன்றாவது போன கிழமை பூனையின் உபயம்.