சுண்டெலியை விடுங்கள், அம்மோனியாவைப் பாருங்கள்

கேள்வி: என் நான்கு வயது மகளுக்கு முடி அடர்த்தியாக இல்லை, சதைப்பிடிப்பும் குறைவு. ரத்தப் பரிசோதனையில் அமினோ அமிலங்களில் ஆர்ஜினின் 22 (குறைவு), ஆர்னித்தின் 160 (அதிகம்) என்று வந்தது. ஆர்ஜினினை உடைக்கும் ஆர்ஜினேஸ் என்சைம் அதிகம் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு முடியும் தசையும் சரியாக வளரவில்லை என்று இணையத்தில் படித்தேன். இவளுக்கும் அதே கோளாறா? இப்போது ஜிம் ஆர்ஜினின் பவுடர் தினமும் ஒரு ஸ்பூன் கொடுக்கிறேன். காய்ச்சல் வந்தால் மட்டும் வாந்தி எடுத்துவிட்டு, மறுநாள் மதியம்வரை எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறாள்.

பதில்: பவுடரை இன்றே நிறுத்துங்கள். உங்கள் மகளுக்கு அந்த எலியின் கோளாறு இல்லை. அது இயற்கையாக வந்த நோயே அல்ல. கல்லீரலில் வேலை செய்யவேண்டிய என்சைமை, ஆய்வகத்தில் வேண்டுமென்றே குடலின் உட்சுவர் செல்களில் சுரக்கவைத்தார்கள். பால்குடிப் பருவத்தில் உடலுக்கு ஆர்ஜினின் தயாரித்துக் கொடுப்பதே அந்தச் செல்கள்தான். தாய்ப்பாலில் அது குறைவு. தயாராகிற இடத்திலேயே ஆர்ஜினேஸ் அதை உடைத்துவிட்டதால் குட்டிகளுக்கு முடியும் தசையும் தேங்கின. பால் மறந்த பிறகு சிறுநீரகம் அந்தத் தயாரிப்பை ஏற்றுக்கொள்ளும். நான்கு வயதுக் குழந்தையோடு அதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மனிதர்களில் நாங்கள் பார்க்கும் பரம்பரை நோய் இதற்கு நேர் எதிர். ஆர்ஜினேஸ் வேலை செய்யாமல் ஆர்ஜினின் ரத்தத்தில் குவியும். கால்கள் விறைத்து, குழந்தை நுனிக்காலில் நடக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு நீங்கள் கொடுக்கும் பவுடர் விஷம்.

அப்படியானால் 22 எப்படி வந்தது? ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைசிஸ்' (சிவப்பணுச் சிதைவு) என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். சிவப்பணுக்களுக்குள் ஆர்ஜினேஸ் நிறைய உண்டு. ரத்தம் எடுக்கும்போது அவை உடைந்தாலோ, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்கத் தாமதமானாலோ, குழாய்க்குள்ளேயே ஆர்ஜினின் ஆர்னித்தினாக மாறிவிடும். ஒன்று இறங்கி மற்றது ஏறியிருக்கும் உங்கள் எண்களில் எனக்குத் தெரிவது அதுதான். கூடவே டாரின், அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலங்களும் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பவுடரை நிறுத்தி ஒரு வாரம் கழித்து, கடைசிச் சாப்பாட்டுக்கு நான்கு மணி நேரத்துக்குப் பிறகு, ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும். முடி மெல்லியதாக இருப்பதை மட்டும் வைத்து இந்த எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது. எடையும் உயரமும் வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டை ஒட்டிப் போனால் சதைப்பிடிப்பு பற்றிய கவலையும் வேண்டாம்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உட்காரவைத்தது. காய்ச்சலில் உடல் தன் புரதத்தையே உடைக்கும். அதில் வரும் நைட்ரஜனை யூரியாவாக மாற்றும் சுழற்சியில் ஒரு என்சைம் பலவீனமாக இருந்தால் அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக ரத்தத்தில் ஏறி மூளையை மந்தமாக்கும். பெண் குழந்தைகளிடம் இது அரைகுறையாக, இப்படி விட்டுவிட்டுத் தலைகாட்டும். பால், முட்டை, இறைச்சியைத் தானாகவே ஒதுக்குகிறாளா? மகளின் தாய்வழியில் ஆண் குழந்தை யாராவது பிறந்த சில நாட்களில் இறந்ததுண்டா? ஒன்றுக்காவது பதில் 'ஆம்' என்றால் அடுத்த காய்ச்சல்வரை காத்திருக்காதீர்கள். மரபணு வளர்சிதைமாற்ற நிபுணரிடம் போய், ரத்தத்தில் குளுட்டமின், சிட்ருலின் என்ற அமினோ அமிலங்களின் அளவுகளோடு சிறுநீரில் ஓரோட்டிக் அமிலமும் பாருங்கள்.

அம்மோனியாவை அவள் மந்தமாக இருக்கும்போதே எடுக்கவேண்டும். தெளிந்த பிறகு எடுத்தால் இயல்பாகவே வந்துவிடலாம். கையில் கட்டு இறுக்காமல் ரத்தம் எடுத்து, குழாயை ஐஸில் வைத்து, கால் மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும். தாமதித்தால் எண் பொய்யாக ஏறும். இந்த வயதில் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்குக் கீழ் சரி. 100-ஐத் தாண்டினால் உடனே மறுபரிசோதனை, கூடவே சிகிச்சை.

அடுத்த முறை வாந்தியோடு அசதி வந்தால், விழித்திருக்கும்வரை சர்க்கரை கலந்த பானத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்தபடி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். எழுப்ப முடியவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். அங்கே 'அம்மோனியா பாருங்கள்' என்று நீங்களே கேளுங்கள், பவுடர் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு வந்தால், அம்மோனியா அளவு தெரியும்வரை வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.