சமூக அறிவியலில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சுற்றுவட்டாரத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு நாள் மாநாடு நடத்த முடிவு செய்திருக்கிறோம். 150 பேர் வருவார்கள். கருத்தரங்கு, கட்டுரை வாசிப்பு எல்லாவற்றையும் மூத்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ‘சிறப்பு நிகழ்ச்சிகள்’ மட்டும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

குழுவில் கேட்டால் பட்டிமன்றம் வைக்கலாம் என்கிறார்கள், மெல்லிசை என்கிறார்கள், இரண்டாம் நாள் பஸ் பிடித்து ஊட்டி போய்வரலாம் என்கிறார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அறிவியல் ஆசிரியர்கள் கூடினால் சோதனை செய்து காட்டுவார்கள். கணக்குக்காரர்களுக்குப் புதிர் இருக்கிறது. ‘நம்ம பாடத்துல காட்டறதுக்கு என்னங்க இருக்குது, மேப்தான் மாட்டலாம்’ என்று ஒரு சார் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கையில் பணமும் அதிகமில்லை. இந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

ஊட்டிக்கு அவரவர் குடும்பத்தோடு போய்க்கொள்ளட்டும். 150 சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒரே இடத்தில் கூடுவது அடிக்கடி நடக்கிற காரியமா? இரண்டாம் நாள் முழுவதையும் நொய்யல் கரைக்குக் கொடுத்துவிடுங்கள். மேடைப் பேச்சு முதல் நாளோடு முடியட்டும்.

இது ஒன்றும் புது வழக்கமில்லை. அமெரிக்காவில் சமூகப் பாட ஆசிரியர்களுக்கென்று 1921ல் தொடங்கிய தேசிய அமைப்பு இருக்கிறது. ஆண்டு மாநாடு நடக்கிற ஊரின் அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்று இடங்களுக்கும் போய்வருவதை அவர்கள் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஊரில் அவர்கள் பார்க்கட்டும். நம் ஊரில் இருப்பது அதற்குக் குறைந்ததில்லை.

சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் கொடுமணல். 1980களிலிருந்து பல கட்டங்களாக அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. பெரில், நீலக்கல், படிகம், சூதுபவளம் என்று கற்களை அறுத்து, துளை போட்டு, மெருகேற்றி மணியாக்கிய தொழிலூர் அது. இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்கிற கொடுமணம் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து.

ஆனால் ஆசிரியர்களிடம் பேசும்போது நான் முதலில் சொல்வது மணிகளைப் பற்றி இல்லை, பானை ஓடுகளைப் பற்றித்தான். தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் கண்ணன் ஆதன் என்று இருக்கிறது. இன்னொன்றில் சம்பன் சுமணன். அரசன் வெட்டிவைத்த கல்வெட்டு கிடையாது. சீர் வந்த பாத்திரத்தில் நாம் பேர் வெட்டி வைப்பதுபோல, பானையின் மேல் கூரான எதையோ வைத்துக் கீறிய பேர்கள். 2000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தொழிலூரில், தன் பேரைத் தானே எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருந்தார்களா? அல்லது எழுதத் தெரிந்த ஒருவர் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாரா? சுமணன் என்கிற பேர் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும்? எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த மூன்று கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பாடவேளை போதாது.

ஒன்றை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கொடுமணலில் போய் இறங்கினால் கண்ணுக்குத் தெரிவது அதிகமில்லை. அகழாய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவது தொல்லியல் வழக்கம். காடும் மேடும், ஈமச் சின்னங்களின் கற்களும்தான் இருக்கும். அதனால் சும்மா போய் போட்டோ எடுத்துத் திரும்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிடைத்த பொருட்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கையோடு கொண்டுபோங்கள். தொல்லியல் துறையில் கேட்டு, விவரம் தெரிந்த ஒருவரை வரச் சொல்லுங்கள். அங்கே நின்றபடி ஒரே ஒரு கேள்வியை எல்லோரும் யோசிக்கட்டும்: இந்தத் தொழில் ஏன் இந்த இடத்தில் வந்தது? காங்கயம் பக்கம் படியூரில் பெரில் கல் கிடைக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டுத் துறைமுகத்துக்குப் பாதை, கிழக்கே கரூர். கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. ஆறு, கல், பாதை, காசு. புவியியலும் வரலாறும் பொருளியலும் தனித்தனிப் பாடமாக இல்லாமல் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அப்புறம், தரையில் கிடக்கும் ஓட்டை யாரும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஒரத்துப்பாளையம் அணை. உங்கள் மாநாட்டிலேயே முக்கியமான இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த அணை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றோடு வந்து இதில் தேங்கியது. தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளே, இந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று போராட வேண்டி வந்தது. நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு வந்தால்தான் திறக்கலாம் என்றது.

இங்கே ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்காருங்கள். கிணறு கெட்டுப்போன ஒரு விவசாயியையும், சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒருவரையும் கூப்பிடுங்கள். இரண்டு பேரும் கண்டிப்பாக வேண்டும். விவசாயி மட்டும் பேசினால் திருப்பூரைத் திட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவோம். பட்டறைகள் மூடிய அந்த மாதங்களில் வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்குக் கிளம்பிய குடும்பங்கள் உண்டு. இங்கே வருகிற ஆசிரியர்களின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுடைய அப்பா அம்மா பனியன் கம்பெனிக்கோ தறிக்கோதான் போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று ‘நீர் மாசுபாடு: காரணங்கள், விளைவுகள்’ என்று கரும்பலகையில் எழுதுவது எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டிய காரியம்! நீதிமன்றம், உள்ளாட்சி, உரிமை, ஏற்றுமதி என்று குடிமையியலில் வருகிற அத்தனையும் அந்த இரண்டு பேரின் பேச்சில் வந்துவிடும். ஆசிரியர்கள் கேள்வி மட்டும் கேட்கட்டும். தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அறச்சலூர். நாகமலைக் குகைத்தளத்தில் தமிழ் பிராமியில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. புலவர் செ. இராசு 1960களின் தொடக்கத்தில் கண்டறிந்து வெளியுலகத்துக்குச் சொன்னது. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி. முதல் வரி ‘த தை தா தை த’. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து கீழே வந்தாலும் கீழிருந்து மேலே போனாலும் அதேதான் வரும். பக்கத்தில், இதை அமைத்தவன் மணி வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பேரும் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் மணியையும் காசையும் நோட்டம் பார்க்கிறவன். காலையில் மணிக்கல் பட்டறைகளின் ஊரைப் பார்த்தவர்கள், மாலையில் மணி நோட்டம் பார்த்த ஒருவன் தாளத்துக்கு எழுத்தடுக்கிய பாறைக்கு முன்னால் நிற்பார்கள். கல்வெட்டைத் தொடவோ சாக்பீஸ் தேய்க்கவோ விடாதீர்கள். வரிகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து, கீழே இறங்கி வந்தபின் எல்லோரும் சேர்ந்து தாளம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். மெல்லிசைக் குழுவுக்கு எடுத்துவைத்த பணம் மிச்சம். மலையேற முடியாதவர்கள் பக்கத்து ஓடாநிலையில் தீரன் சின்னமலை நினைவு மண்டபத்தைப் பார்க்கலாம்.

இனி, அந்த மேப் சாருக்கு வருகிறேன். முதல் நாள் மண்டபத்தில் கண்காட்சி வையுங்கள். ஆனால் சார்ட் வேண்டாம். வருகிற ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து ஒரு பொருளும், அதைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். வள்ளம், படி, தறி ஓடம், பழைய கிரயப் பத்திரம், ஊர் எல்லையில் நிற்கிற புலிக்குத்திக் கல்லின் படம், எதுவானாலும் சரி.

யாராவது ஒருவர் கவலையில் தண்ணீர் இறைத்த சால் ஒன்றைக் கொண்டுவருவார் என்று வையுங்கள். உருளையும் வடக்கயிறும் கூட இருந்தால் இன்னும் நல்லது. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த சால் எப்போது மூலைக்குப் போனது? மின்சார மோட்டார் வந்தபோது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது, மில்களும் பெருகின, பின்னால் கிணறுகளுக்கும் மோட்டார் வந்தது. மோட்டார் வந்ததும் மின்கட்டணம் என்கிற பிரச்சினையும் வந்தது. 1970ல் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பிற்பாடு இலவச மின்சாரம் வந்தது. அதன் பிறகு ஆழ்துளைக் கிணறு எத்தனை அடிக்குப் போனது என்பதை உங்கள் வகுப்புப் பிள்ளைகளே வீட்டில் கேட்டு வந்து சொல்வார்கள். அந்தச் சால் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு இவ்வளவும் பேசலாம். காட்டுவதற்கு நம் பாடத்தில் என்ன இருக்கிறது என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் இரவுக்குக் கும்மி போதும். வள்ளி கும்மியில் பெண்களை ஆட வைத்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது நம் எல்லோருக்கும் தெரியும். இப்போது ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. மேடை ஏற்றாமல் மைதானத்தில் ஆடச் சொல்லுங்கள், ஆசிரியர்களும் சேர்ந்துகொள்வார்கள். பொன்னர், சங்கர் என்கிற அண்ணன்மாரின் கதையை உடுக்கையோடு கேட்கவும் எனக்கு ஆசைதான். ஆனால் அந்தக் கதையில் ஒன்றுக்கு மேற்பட்ட சமூகத்தாரின் நினைவும் வலியும் இருக்கிறது. அதைப் பேச ஒரு தனி நாள் வேண்டும். ஒரு மணி நேரக் கலை நிகழ்ச்சியாகச் சுருக்க வேண்டாம்.

வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பஸ்ஸாகப் பிரிந்து போங்கள். கொடுமணலுக்கும் அணைக்கும் போகிற நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். 150 பேர் ஒரே இடத்தில் இறங்கினால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. ஊராட்சித் தலைவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருப்பார்கள், பகல் முழுக்க வெளியில் சுற்ற வேண்டும். வழியில் எந்தப் பள்ளியில் கழிப்பறை திறந்து கொடுப்பார்கள் என்பதை இடங்களை முடிவு செய்வதற்கு முன்னாலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் பாதிப் பேர் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் வருவார்கள். மதியச் சாப்பாட்டை அந்தந்த ஊர் மகளிர் குழுவிடம் கொடுத்தால் சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதம் போடுவார்கள். செலவும் குறைவு.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஆகஸ்ட் கடைசியில் வைக்கப் பாருங்கள். பவானிசாகரில் நீர் இருக்கிற ஆண்டுகளில் அப்போது கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும். போகிற வழியில் ஒரு மதகில் பஸ்ஸை நிறுத்தி, ஒற்றைப்படை மதகுக்கு எப்போது, இரட்டைப்படை மதகுக்கு எப்போது என்று அங்கே வேலை பார்க்கும் லஸ்கரிடம் கால்மணி நேரம் பேசலாம். தேதியைக் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பானை ஓட்டுப் படங்களை அச்சடிக்கிற செலவு என்னுடையது. அறச்சலூருக்கு நானும் வருகிறேன்.