ஒட்டிய நரம்பு எப்போது உயிர் பெறும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. வலது கன்னத்தில், காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் சுரப்பியில் புற்றுக்கட்டி வந்தது. கட்டி முக நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததால் நரம்பையும் வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான்கு மாதமாகிறது, வலப்பக்க முகம் துளியும் அசையவில்லை. வாய் கோணிய பக்கத்து வீட்டுக்காரர் மூன்றே வாரத்தில் சரியாகிவிட்டார். இவருக்கு ஆபரேஷன் தோல்வியா? கரண்ட் வைத்தால் சீக்கிரம் வரும் என்கிறார்கள், வைக்கலாமா? பாதத்தின் ஓரம் மரத்திருக்கிறதே, அது சரியாகுமா?

பதில்: நான்காவது மாதத்தில் அசைவு இல்லை என்பதை வைத்துத் தோல்வி என்று சொல்லவே முடியாது அம்மா. இன்னும் நேரம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது அநேகமாக பெல்ஸ் பால்சி என்னும் திடீர் முகவாதமாக இருக்கும். அதில் நரம்பு அறுபடுவதில்லை. எலும்புக்குள் குறுகலான பாதையில் வீங்கி, வேலை நிறுத்திவிடுகிறது. வீக்கம் வடிந்ததும் பலருக்குச் சில வாரங்களில் முகம் திரும்பிவிடும். உங்கள் கணவருக்கு நரம்பே துண்டிக்கப்பட்டு, நடுவில் ஒட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நரம்பிழைகள் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். காலிலிருந்து எடுத்த நரம்புக்குள் இருந்த இழைகளும் அப்படித்தான். மிஞ்சுவது அவற்றின் உறைகளும், உறைக்குள் இருக்கும் ஸ்வான் செல்களும். அந்தச் செல்கள் வரிசை கட்டி நின்று வழி காட்ட, மூளைப் பக்கம் உயிரோடிருக்கும் நுனியிலிருந்து புதிய இழைகள் அந்த உறைகளுக்குள் ஊர்ந்து போகின்றன. வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஒட்டு 6 சென்டிமீட்டர், அங்கிருந்து உதட்டோரத் தசைக்கு இன்னொரு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடைக்கு மட்டும் 110 நாள். கிளம்பச் சில வாரம், இரண்டு தையல்களைக் கடக்க ஆகும் தாமதம், தசையைத் தொட்ட பின் அது இயங்க ஆகும் காலம், இதெல்லாம் தனி. அதனால் முதல் அசைவு ஆறு மாதத்துக்கு மேல் வருவதே வழக்கம். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ரேடியேஷன் கொடுத்திருந்தாலும், பெரும்பாலும் அது இந்த வளர்ச்சியைத் தடுத்துவிடுவதில்லை.

அசைவுக்கு முன்பே சின்ன அடையாளங்கள் தெரியலாம். சும்மா இருக்கும்போது கன்னத்தின் தொய்வு குறையும், சாப்பிடும்போது சோறு கன்னத்தில் ஒதுங்குவது குறையும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் வீடியோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் தேடினால் ஒன்றும் தெரியாது, மனம்தான் சோர்ந்துபோகும்.

இந்தக் காத்திருப்பில் எனக்கு இருக்கும் பெரிய கவலை அவருடைய கண். இமை மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு, இரவில் கண் ஆயின்ட்மென்ட் போட்டு இமையை மூடி டேப் ஒட்டுங்கள். ஃபேன் காற்று நேராக முகத்தில் படாமல் படுக்கச் சொல்லுங்கள். வண்டியில் போனால் கண்ணாடி கட்டாயம். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். மேலிமைக்குள் சிறிய தங்க எடை வைத்துக் கண் மூடச் செய்யும் சிகிச்சையும் உண்டு. அதைப் பற்றியும் கேளுங்கள்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அது ஒட்டிய முக நரம்பைச் சீக்கிரம் வளர வைக்கும் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை. நான் பரிந்துரைப்பதில்லை. பல்லைக் கடித்து முகத்தை வலிந்து இழுக்கும் பயிற்சியும் வேண்டாம். அசைவு தொடங்கியதும், முகவாதத்தில் பழகிய பிசியோதெரபிஸ்ட்டிடம் கண்ணாடி முன் மெதுவாகச் செய்யும் பயிற்சிதான் பலன் தரும்.

ஏன் மெதுவாக என்றால், வளரும் இழைகளில் பல தமக்குரிய உறை தெரியாமல் வேறொன்றில் நுழைந்துவிடும். கண்ணுக்குப் போக வேண்டியது வாய்க்குப் போகும். அப்புறம் கண் சிமிட்டினால் உதடு இழுக்கும், சிரித்தால் கண் சுருங்கும். ஒட்டு வைத்த எல்லோருக்கும் ஓரளவு இது வரும். பயிற்சியாலும், தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியாலும் குறைக்கலாம். பழைய முகம் அப்படியே திரும்பாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல பலன் என்றால் சும்மா இருக்கும்போது இரு பக்கமும் ஒத்துப்போகும், கண் மூடும், வாய்க்கோடி கொஞ்சம் ஏறும். நெற்றி அசைவு அரிதாகவே வரும்.

ஒரு கெடு மட்டும் மனதில் இருக்கட்டும். நரம்பு வராத தசை, ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் சுருங்கிப் பயனற்றுப் போய்விடும். ஒன்பது மாதத்தில் துளியும் அசைவில்லை என்றால் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போய், தசையின் மின் அசைவைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி. சோதனை எடுத்துப் பாருங்கள். அதில் தசைக்குள் நரம்பு வந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்கலாம். தெரியாவிட்டால், மெல்லும் தசைக்குப் போகும் நரம்பின் கிளையை முக நரம்போடு இணைக்க அப்போதும் காலம் இருக்கும். அந்தக் கெடுவும் தாண்டிவிட்டால் தொடையிலிருந்து தசை எடுத்து வைத்துச் சிரிப்பைக் கொண்டுவரும் ஆபரேஷன் இருக்கிறது.

பாதத்தின் வெளி ஓரம் மரத்திருப்பது எதிர்பார்த்ததுதான். எடுத்தது தொடு உணர்வுக்கான நரம்பு. நடைக்குக் குறை வராது. மரத்த இடம் நாளடைவில் சுருங்கும். அதுவரை செருப்பில்லாமல் நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், முள் குத்தினாலும் தெரியாது.