புல்வெளியும் நூற்கழியும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கவிதைகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘லீ’ என்ற பழைய சொல்லுக்கு அகராதியில் புல்வெளி என்றும் நூலின் நீள அளவு என்றும் பொருள் உள்ளது. புல்வெளியில் ஆடு மேய்கிறது, ஆடு கம்பளி தருகிறது, கம்பளி நூலாகிறது. ஆகவே நிலத்தின் பெயரே நூலுக்கும் வந்தது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன். இது சரிதானா? தமிழில் எந்தச் சொல்லை இடலாம்? லண்டனின் லீ ஆற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கி.

அன்புள்ள கி.,

ஆற்றை விட்டுவிடுங்கள், அதன் பெயர் வேறு வழியில் வந்தது. உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான், கோவை நூற்பாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்துக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இந்தச் சொல் இருக்கிறது.

முன்னுரையிலிருந்து அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு சான்று இல்லை. தமிழில் ‘மா’ என்றால் மரம், விலங்கு, அரைத்த மாவு, வேலியில் இருபதில் ஒரு பங்கான நில அளவு. மாமரம் நின்ற இடத்தை அளந்ததால் அளவுக்கு அந்தப் பெயர் வந்தது என்று யாராவது எழுதினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? தாய்மொழியில் நாம் காட்டும் எச்சரிக்கையை அயல்மொழியிடம் ஏன் காட்டுவதில்லை? நல்ல அகராதிகள் இந்த இரண்டையும் தனித்தனித் தலைப்புச் சொற்களாகவே தருகின்றன. உழாமல் புல் விட்ட நிலத்தைக் குறிக்கும் ‘லீ’ மூன்றாவது, அதுவும் தனி.

உங்கள் ஊகத்தை நூலே மறுக்கிறது. பருத்தியில் ஒரு லீ 120 கஜம், கம்பளி வகையான வொர்ஸ்டெட்டில் 80 கஜம், லினனில் 300 கஜம். லினன் ஆளிச் செடியின் நாரிலிருந்து வருவது, ஆட்டிலிருந்து அல்ல. அந்த லினன் தொழிலில்தான், ஒரு பவுண்டு நூலில் எத்தனை லீ இருக்கிறது என்பதே நூலின் நம்பராக நிற்கிறது; நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது.

சோதனைக்கூடத்தில் நூலைச் சுற்றி அளக்கும் ராப் ரீல் என்ற கருவி ஒன்று இருந்தது. ஒரு சுற்று ஒன்றரை கஜம். 80 சுற்று சுற்றினால் ஒரு லீ. ஏழு லீ சேர்ந்தால் 840 கஜம் கொண்ட ஒரு சிட்டம். ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டமோ அதுவே பருத்தி நூலின் நம்பர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்பதால், ஒரு லீயை எடை போட்டு, வந்த கிரெயினால் 1,000-ஐ வகுத்தால் நம்பர் உடனே கிடைத்துவிடும். 25 கிரெயின் நின்றால் நாற்பதாம் நம்பர். எடை பார்த்த லீயை வலுச் சோதிக்கும் கருவியின் இரு கொக்கிகளுக்கு இடையே மாட்டி இழுப்போம். முதலில் ஓர் இழை அறும், பிறகு மொத்தமும் பொலபொலவென்று விட்டுப்போகும், முள் மட்டும் அறுந்த பவுண்டில் அப்படியே நிற்கும்.

ஒருநாள் அவசரத்தில் 78 சுற்றோடு நிறுத்திவிட்டேன். எடை 24.4 கிரெயினுக்குக் குறைந்தது, நம்பர் 41 என்று ஏறியது. அங்கிருந்த பெரியவர் நான் சுற்றியெடுத்த நூற்கழியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ரெண்டு சுத்து குறைஞ்சா நூலு நைசாயிடாது, கணக்குத்தான் பொய்யாகும்.” உங்கள் ஆட்டுக் கதை அந்த 41-ஐப் போன்றது. அது நயமாகத் தெரிவது, இரண்டு சுற்றை நீங்கள் சுற்றாமல் விட்டதால்தான்.

மனம் சோர வேண்டாம். தேடிப் போயிருந்தால் நீங்கள் கற்பித்ததைவிட வியப்பான உறவு ஒன்று கிடைத்திருக்கும். புல்வெளியைக் குறிக்கும் ‘லீ’க்குப் பழைய ஆங்கிலத்தில் காட்டை வெட்டித் திருத்திய வெளி என்று பொருள். லத்தீனில் தோப்பைக் குறிக்கும் ‘லூக்குஸ்’, லித்துவேனியத்தில் வயலைக் குறிக்கும் ‘லௌக்காஸ்’, திறந்த வெளி என்ற பழம்பொருள் கொண்ட வடமொழி ‘லோக’ ஆகியவை அதற்கு உடன்பிறப்புகள். நாம் நாள்தோறும் சொல்லும் லோகம் அந்தக் கடைசிச் சொல்தான். மரங்கள் விழுந்து வெளிச்சம் இறங்கிய நிலத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் முன்னுரைக்கு அது போதாதா?

பர்ன்லி, பார்ன்ஸ்லி போன்ற ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இருப்பதும் இதே சொல். மான்செஸ்டருக்கு மேற்கே இதையே முழுப் பெயராகக் கொண்ட லீ என்னும் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் மேய்ச்சலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன அவ்வூரில் பிறகு பெரிய பருத்தி நூற்பாலைகள் எழுந்தன. லீயில் லீ அளந்தார்கள். உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே ஊரில் ஒரே ஒலியோடு வாழ்ந்தன. அந்தத் தற்செயலை உறவாக்கிவிடாமல் அப்படியே எழுதுங்கள்.

கவிதையில் அந்தி நேரத்தில் மாடுகள் கடந்துவரும் இடமாக அது வந்தால் ‘புறவு’ என்று எழுதிப் பாருங்கள். காடும் மேய்ச்சலும் அடுத்தடுத்து இருக்கும் முல்லை நிலம் அச்சொல்லில் இருக்கிறது. அடிக்குறிப்பின்றி நிற்காது என்றால் ‘புல்வெளி’ போதும். நூலாக வந்தால் ‘லீ’ என்றே விட்டுவிடுங்கள். எங்கள் ஆலையில் அதை வேறு எப்படியும் சொல்லி நான் கேட்டதில்லை.